ஆட்சேபனை இல்லை

கேதீஸ்வரன் ஐயா இறந்த அன்று நான் யசோதினிக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. எடுப்பதுதான் என் வேலை. எண் மனப்பாடமாக இருந்தது. ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுத வேண்டும், அவ்வளவுதான். நான் கேட்காமலே பதிலை எழுதினேன்.

2020இல் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் கிடைத்தபோது, நான் இரசாயனவியல் படித்து முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருந்தேன். எங்கள் கரையோரத்தில் உள்ள ஒரு சுகாதாரப் பணிமனைக்கு என்னை அனுப்பினார்கள். அதே நாளில் யசோதினியும் அங்கே வந்தாள். அவள் தமிழ் இலக்கியம் படித்தவள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மேசையும் ஒரு கதிரையும் தந்தார்கள். முதல் கிழமை மாறி மாறி உட்கார்ந்தோம். பிறகு அவள் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்தாள்.

என் வீடு மாளிகைக்காட்டில், அவள் வீடு காரைதீவில். சைக்கிளில் பத்து நிமிடம். ஆனாலும் அதுவரை அவளை நான் கண்டதில்லை. அவளுடைய அப்பாவை மட்டும் தெரியும். எங்கள் தெருவுக்குப் பதினெட்டு வருடம் கடிதம் கொண்டுவந்த தபால்காரர் அவர். என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்று அதை என்னிடம் தராமல் வாப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். இதை வாப்பாதான் பிரிக்க வேண்டும் என்றார். யசோதினி அவருடைய மகள் என்று வீட்டில் சொன்னதும் வாப்பா, "கேதீஸ்ட மகளா? அப்ப நம்மட புள்ளதான்" என்றார்.

நான் அதிகம் கதைப்பவள் இல்லை. தொலைபேசியில் இன்னும் மோசம். எண்ணை அழுத்திவிட்டு மறுபக்கம் எடுக்கக் கூடாது என்று துஆக் கேட்பேன். பணிமனையில் யசோதினி எனக்கும் சேர்த்துக் கதைப்பாள். அட்டவணைகள் என்னுடையவை, அழைப்புகள் அவளுடையவை என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் மேலதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஹமீட் சேர், "ஒண்டுக்கு வாய், மத்ததுக்குக் கை. ரெண்டையும் சேத்தா ஒரு முழு ஆள்" என்று சிரிப்பார்.

சாப்பாட்டு நேரங்களில் யசோதினி ஒரு தடித்த நாவலை வாசிப்பாள். அட்டை போய்விட்டது. முதல் பதினாறு பக்கங்களும் இல்லை. அதன் பெயர் அவளுக்கே தெரியாது. ஏதோ வெளிநாட்டில், மிகப் பழைய காலத்தில் நடக்கும் கதை. கிணறு வெட்டும் கறுப்பு மனிதர் ஒருவர், வெள்ளையர்களின் கிணற்றில் நஞ்சு கலந்தார் என்று குற்றம் சாட்டப்படுகிறார். அவர் கலக்கவில்லை. வாசிப்பவர்களுக்கு அது தெரியும். ஊரார் கூடித் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

முடித்ததும் எனக்குத் தந்தாள். நான் கதைப் புத்தகம் வாசிப்பவள் இல்லை. ஆனால் அதை இரண்டு நாளில் வாசித்தேன். கடைசிப் பகுதியை வீட்டின் பின்பக்கம் போயிருந்து அழுதுகொண்டு வாசித்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, வழக்கத்துக்கு மாறாக நிறையக் கதைத்தேன். அந்த மனிதர் நாங்கள்தான் என்றேன். அம்பாறையில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று சொல்லி அடித்தது, 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்து ஆசனம் மட்டும் வெறுமையாக வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

யசோதினி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அவளுடைய வீட்டிலும் அதை அப்படித்தான் வாசித்தார்கள் என்றாள். அவளுடைய அம்மாவின் தம்பியைத் தொண்ணூறாம் ஆண்டு வீட்டில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை. அம்மா இந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டார்.

"தீர்ப்புச் சொன்ன ஆக்கள்தான் எனக்கு விளங்காத ஆக்கள், சிபா" என்றாள். "அவங்க கெட்டவங்க எண்டு எழுதியிருந்தா லேசு. அப்பிடி இல்லையே. அந்த மனுசனை ஒவ்வொரு நாளும் காணுற ஆக்கள். அவர் வெட்டின கிணத்துத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க. ஆனா ஒருத்தராவது அவரிட்ட ஒண்டும் கேக்கல்ல. தெரியும் எண்டு நினைச்சிட்டாங்க."

கொடுமைக்காரர்கள் என்றேன் நான். அவளுக்கு அதில் திருப்தி இல்லை. அதற்குள் மணி ஒன்றரை ஆகிவிட்டது.

மார்கழியில் என் உம்மாவின் தம்பி, அப்துல் ஸமட் மாமா, கொரோனாவில் மௌத்தானார். அந்த நாட்களில் கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. புதைத்தால் தண்ணீரில் கிருமி பரவும் என்றார்கள். அப்படிப் பரவாது என்று நான் படித்த படிப்பு சொன்னது. அதைச் சொல்லும் இடம் எனக்கு இருக்கவில்லை. மாமாவின் மகன் கையெழுத்துப் போட மறுத்தான். இரண்டாம் நாள் கையெழுத்து இல்லாமலே வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். மாமி சாம்பலை வாங்க மறுத்துவிட்டார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, யசோதினி என் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"நான் ஒண்டு கேக்கலாமா? கோவிக்கக் கூடாது."

"கேளு."

"உங்கட ஆக்களுக்கு எரிக்கிறது எப்பிடி இருக்கும்? பாவம் எண்டு தெரியும். ஆனா உள்ளுக்குள்ள எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு விளங்கல்ல. சொல்லு."

எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். எங்கள் ஊரில் மையித்தை, இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டும் தண்ணீரை, முதலில் உயிருள்ளவர்கள் தங்கள் கையில் ஊற்றிப் பார்ப்பார்கள். சூடு கூடினால் மையித்துக்கு நோகும். துணியைக் கழற்றும்போது இழுக்க மாட்டார்கள், வெட்டித்தான் எடுப்பார்கள். மெதுவா, மெதுவா என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இவ்வளவையும் சொன்னேன். "அப்பிடிப் பாத்துப் பாத்துத் தொடுற உடம்பு, யசோ" என்றேன்.

அவள் அழுதாள். மறுநாள் தன் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். எரிப்பதை எதிர்த்து, இறந்தவரைச் சுற்றும் கபன் துணி என்று எங்கள் ஆட்கள் வேலிகளிலும் கேற்றுகளிலும் கட்டியிருந்த நேரம் அது. அரசாங்கப் பணிமனை வளவுக்குள் அது கூடாது என்று ஹமீட் சேர் சொன்னார். சொல்லும்போது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் துணியை அவிழ்க்கவில்லை. சைக்கிளைக் கேற்றுக்கு வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு வந்தாள். அது கிழியும் மட்டும் அங்கேதான் நிறுத்தினாள்.

அவள் என்னிடம் கேட்டாள். நான் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்துக்கள் எரிப்பார்கள். சின்ன வயதில் இருந்து படங்களில் பார்த்தது அதுதான்.

அந்தக் காலத்தில் ஹமீட் சேர் ஒரு தாள் தயாரித்திருந்தார். சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. வைத்தியசாலை வாசலில் சண்டை வரக் கூடாது என்பதற்காக அவரே யோசித்துச் செய்தது. யாராவது இறந்ததும் நாங்கள் குடும்பத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். தகனம் செய்வது பற்றிக் குடும்பத்தினரின் நிலைப்பாடு என்ன என்று கேட்டு எழுதி, வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். யசோதினிதான் அந்த அழைப்புகளை எடுத்தாள். யார் என்றாலும் ஒரே கேள்வியைக் கேட்பாள். பத்து நிமிடம், சில வேளை அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாசி மாத நடுவில், புதைக்க விடப் போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. மறுநாள் இல்லை என்றார்கள். பிறகு ஓமாம் என்றார்கள். அந்தக் கதையை நம்பிக் குடும்பங்கள் சம்மதிக்க மறுத்தன. சம்மதிக்காதவர்களின் உடல்கள் வைத்தியசாலைக் குளிர் அறையில் இருக்கத் தொடங்கின. வைத்தியசாலையும் அவசரப்படுத்தவில்லை. எல்லாரும் பொறுத்துப் பார்த்தார்கள்.

அந்தக் கிழமைதான் கேதீஸ்வரன் ஐயாவுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமானது. அவருக்கு முன்பே சிறுநீரக வருத்தம் இருந்தது. வைத்தியசாலையில் சோதித்தபோது கொரோனா என்றார்கள். யசோதினியையும், அம்மாவையும், தம்பி பவிதரனையும் வீட்டுக்குள் தனிமைப்படுத்தி, கேற்றில் சிவப்பு அறிவித்தல் ஒட்டினார்கள். ஒட்டப் போனவர் ஹமீட் சேர்தான். அவள் வராத நாட்களில் அழைப்புகள் என்னிடம் வந்தன.

மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு என் மேசையில் மூன்று தாள்கள் இருந்தன.

முதலாவது, கல்முனைக்குடியில் ஒரு தாய். மகள் எடுத்தாள். நான் கேள்வியைக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, அழுதாள். நானும் அழுதேன். 'குடும்பத்தினர் சம்மதிக்கவில்லை' என்று எழுதினேன். இரண்டாவது, சாய்ந்தமருதில் ஒரு மீனவர். அவருடைய மகன் என்னைக் கண்டபடி ஏசினான். நீயும் ஒரு முஸ்லிமா என்று கேட்டான். 'சம்மதிக்கவில்லை' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. என்னால் முடிந்த ஒன்றைச் செய்கிறேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது தாளில் கேதீஸ்வரன் ஐயாவின் பெயர் இருந்தது.

எண்ணை அழுத்தினேன். அழைப்புப் போவதற்கு முன் வெட்டினேன். என்ன சொல்லித் தொடங்குவது? யசோ, அப்பாவை எரிக்க உனக்குச் சம்மதமா என்று எப்படிக் கேட்பது? அவர் இறந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவர்கள் எப்படியும் எரிக்கிறவர்கள். தெரிந்த பதிலுக்காக ஏன் ஒரு கேள்வியைக் கேட்டு நோகடிக்க வேண்டும்? அப்படித்தான் யோசித்தேன். அதை அவளுக்குச் செய்யும் உதவி என்று நினைத்தேன். பயமும் இருந்தது. இரண்டு அழைப்புகளுக்குப் பிறகு மூன்றாவதை எடுக்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

'ஆட்சேபனை இல்லை. தொலைபேசி மூலம் உறுதிப்படுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. வைத்தியசாலையில் தெரிந்த ஒருவருக்குச் சொல்லி, ஐயாவை முதலில் அனுப்பச் சொன்னேன். அந்தக் குளிர்ப் பெட்டியில் அவர் கனநேரம் கிடக்கக் கூடாது என்று நினைத்தேன். மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மட்டும் விசேட அனுமதி வாங்கிப் பவிதரன் தகனசாலைக்குப் போனான். கவச உடையோடு ஐம்பது அடி தள்ளி நின்றான். நான் யசோதினிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: எல்லாம் கெதியா முடிஞ்சுது யசோ, அப்பா சிரமப்படல்ல. அவள் 'ஓம்' என்று மட்டும் பதில் அனுப்பினாள்.

அதிலிருந்து எட்டாம் நாள் அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வந்தது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம். இன்ன மதம் என்று அதில் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். அடுத்த கிழமை, எங்கள் குளிர் அறையில் இருந்த கல்முனைக்குடித் தாயும் சாய்ந்தமருது மீனவரும் அங்கே போனார்கள். அவர்களுக்கான பயண அனுமதிகளை நான்தான் தட்டச்சு செய்தேன். என்னை ஏசிய மகன் பணிமனைக்கு வந்து, மன்னிக்கணும் தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போனான். பணிமனையில் எல்லாருக்கும் முகம் தெளிந்திருந்தது. எனக்கும்தான். அப்துல் ஸமட் மாமாவுக்குக் கிடைக்காதது இவர்களுக்காவது கிடைத்ததே என்று இருந்தது.

ஹமீட் சேர் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"கேதீஸ் அண்ணனுக்கும் இது கிடைச்சிரிக்கும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர்கள் எரிக்கிற ஆட்கள்தானே என்றேன்.

"இல்ல புள்ள. இந்தக் கரையில கனபேர் புதைக்கிறதான். அவர் தம்பிலுவில் ஊரால கலியாணம் முடிச்சு வந்தவர். தாயையும் தன்னோடதான் வச்சிருந்தவர். அந்தத் தாய் மௌத்தாகக்குள்ள நான் கடற்கரைக்குப் போயிருக்கன். அவர்தான் முதல் மண்ணப் போட்டவர்." தாளை என் பக்கம் திருப்பினார். "அதான் எனக்கு ஒரு யோசின. ஓம் எண்டா சொன்னாங்க?"

ஓம் என்று தலையாட்டினேன்.

அவர் கோப்பை மூடி மற்றவற்றோடு வைத்தார்.

அந்தக் கடற்கரையில் நான் நடந்திருக்கிறேன். சவுக்கு மரங்களுக்குக் கீழே இருந்த மண்மேடுகளைக் கண்டிருக்கிறேன். வேதக்காரர்களுடையது, கிறிஸ்தவர்களுடையது என்று நினைத்திருந்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

தனிமைப்படுத்தல் முடிந்ததும் யசோதினி எனக்குச் செய்தி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவை வைக்கப் போகிறோம், விருப்பம் என்றால் வா என்று எழுதியிருந்தாள். வாப்பாவும் வந்தார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் போனோம்.

தகனசாலையில் இருந்து சாம்பலோடு வந்த சிறிய மண்முட்டி, வாசலுக்கு வெளியே மாமரக் கிளையில் கட்டித் தொங்கியது. வாயில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. யசோதினி மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தாள்.

"எங்கட ஆக்களுக்கு இத என்ன செய்யிறது எண்டு தெரியா, சிபா" என்றாள். "ஐயர் கடலில கரைக்கச் சொல்லுறார். அம்மா விடுறா இல்ல. சுனாமிக்குப் பிறகு அப்பா கடலுக்குக் காலும் வச்சதில்ல. அவரக் கொண்டுபோய் அதுக்குள்ள விடுறதா எண்டு கேக்கிறா."

அப்பாவின் தாய்க்குப் பக்கத்தில் புதைப்பதாக முடிவு செய்திருந்தார்கள். ஒரு முட்டிக்கு ஒரு முழம் ஆழமான சின்னக் குழி போதும் என்று பவிதரன் சொல்லியிருக்கிறான். அவளுடைய அம்மா சம்மதிக்கவில்லை. ஆள் நீளத்துக்கு வெட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். ஆறடிக் குழியை விடியவே வெட்டி வைத்திருந்தார்கள்.

பவிதரன் முட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான். பத்துப் பதினைந்து ஆண்கள் பின்னால் போனார்கள். வாப்பாவும் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பெண்கள் வாசலோடு நின்றோம். எங்கள் ஆட்களிலும் பெண்கள் புதைக்கும் இடத்துக்கு, மையவாடிக்குப் போவதில்லை. அவர்களிலும் அப்படித்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மாவை அறையில் பாயில் இருத்திவிட்டு, யசோதினி தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனாள். நானும் போனேன். அவள் கேத்தலை அடுப்பில் வைத்தாள். நான் கதவோடு நின்று சொன்னேன். எத்தனையோ தரம் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். சொல்லும்போது எல்லாம் கலைந்துபோனது. மூன்று தாள்கள், இரண்டு அழைப்புகள், மூன்றாவதை எடுக்கவில்லை, எழுதிவிட்டேன், முதலில் அனுப்பச் சொன்னதும் நான்தான். இவ்வளவுதான் வெளியே வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தேயிலைப் பேணியின் மூடியைத் திறந்து, கரண்டியை உள்ளே வைத்தபடி நின்றாள்.

"பவிதரனுக்கு ஆஸ்பத்திரியால போன் எடுத்தவங்க" என்றாள் பிறகு. "பத்து மணிக்கு எரிக்கிறம், வாறண்டா வாங்க எண்டு மட்டும் சொன்னவங்க. அந்தக் கேள்விய நிப்பாட்டிட்டாங்களாக்கும், எல்லாருக்கும் அதுதான் சட்டம் எண்டு நாங்க ஒண்டும் கதைக்கல்ல."

"ஓம்."

"நீ கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் தெரியுமா? வச்சிருங்க எண்டு சொல்லியிருப்பன். எத்தின நாள் எண்டாலும் வச்சிருங்க எண்டு. மத்த ரெண்டு பேரோடயும் அவரும் போயிருப்பார்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ அழுதிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "எங்களுக்காக நல்லா அழுதிருப்பாய். அழுதுபோட்டுத்தான் எழுதியிருப்பாய்."

கேத்தல் கொதித்தது. அவள் தேயிலையைப் போட்டு, வடித்து, சீனி கலக்கினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் என்னால் இருக்க முடியாது என்றேன்.

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு என்ன மிச்சம் இருக்கு தெரியுமா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அவர் அந்தக் குளிர்ப் பெட்டிக்குள்ள கனக்கக் கிடக்கல்ல எண்டது மட்டும்தான். அதச் சொல்லித்தான் அவ நித்திர கொள்ளுறா. உன்ட மனம் ஆறுறதுக்கு அத எடுக்காத. அந்தத் தாள மட்டும் மாத்து. நாங்க ஓம் எண்டு சொன்னதா ஒரு இடத்திலயும் இருக்கக் கூடாது."

அறையில் இருந்து அம்மா கூப்பிட்டார். யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டார். ஒபிஸ் கதை அம்மா, சிபானா வந்திருக்கிறாள் என்று யசோதினி சொன்னாள். என்னைப் போகச் சொல்லிக் கண்ணால் காட்டினாள்.

நான் போய்ப் பாயின் ஓரத்தில் இருந்தேன். அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கை உலர்ந்து, சூடாக இருந்தது.

"நீதான் அங்க இருந்து எல்லாத்தையும் பாத்த எண்டு தகனசாலையில ஆரோ சொன்னாங்களாம், தம்பி பவிதரன் வந்து சொன்னவன், மகள்" என்றார். "முதல் ஆளா அனுப்பி வச்சியாம். ஆரெண்டும் தெரியாத ஆக்களிட்ட அம்பிட்டுப் போனாரே எண்டு கிடந்து துடிச்சன். பிறகு நினைச்சன், அந்தப் புள்ள நிண்டிருக்குதானே, எல்லாம் பாத்துக் கேட்டுத்தான் செய்திருக்கும் எண்டு."

யசோதினி தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். எங்களைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றேன்.

தேத்தண்ணீரைக் குடித்தேன். ஆண்கள் திரும்பி வந்து கேற்றடியில் கால் கழுவும் சத்தம் கேட்டது. வாப்பாவின் சாரத்தில் கடற்கரை மண் ஒட்டியிருந்தது. வரும் வழியில் அவர் ஒரே ஒரு வார்த்தை கதைத்தார். அவ்வளவு பெரிய குழிக்குள் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றார்.

மறுநாள் அந்தத் தாளில் நான் எழுதியதை வெட்டி, 'குடும்பத்தினரிடம் கேட்கப்படவில்லை' என்று எழுதி, பெயரும் திகதியும் போட்டு ஹமீட் சேரின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார். நியமனம் நிரந்தரமாகாத நேரத்தில் இப்படி எழுதினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் தாளைக் கோப்புக்குள் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோப்பை யாரும் கேட்டு வரவில்லை.

அந்த வருடமே யசோதினி திருக்கோவில் பக்கம் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போகும் நாள்வரை அதே மேசையில்தான் இருந்தோம். அட்டவணைகளில் சந்தேகம் என்றால் என்னிடம் கேட்டாள், நான் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய்விடுவாள். இப்போது எப்போதாவது கலியாண வீடுகளில் காண்கிறோம். பிள்ளை எப்படி, உம்மா எப்படி என்று விசாரித்துக்கொள்கிறோம்.

அவளுடைய அம்மாவைத்தான் அடிக்கடி காண்கிறேன். கல்முனைச் சந்தையில், பஸ் தரிப்பிடத்தில், வங்கியில். என்னைக் கண்டால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம், இந்தப் புள்ளதான் எங்கட அவரக் கவனமா அனுப்பி வச்சது என்று சொல்வார். நிற்பவர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அம்மா கையை விடும் மட்டும் நான் நிற்கிறேன்.